நாற்பத்து நான்கு வயதில் நடையா, ஓட்டமா?

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது. வயது 44. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை. உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனையில் 6.1 வந்திருக்கிறது. இரத்த அழுத்தம் சரியாகவே உள்ளது. மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலது முழங்கால் எப்போதாவது வலிக்கிறது. ஒரு வருடமாக வ.உ.சி. மைதானத்தில் காலையில் முக்கால் மணி நேரம் நடந்தும் எடை அசையவில்லை. உடன் வேலை பார்க்கும் இளைஞர்கள், நடையெல்லாம் வயதானவர்களுக்கு, எங்களோடு ஓட வாருங்கள் என்று அழைக்கிறார்கள். மைதானத்து அண்ணாச்சிமாரோ, ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று தடுக்கிறார்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் இவற்றில் எது நல்லது என்பது முதல் கேள்வி. முக்கூடலில் பீடி சுற்றும் 54 வயது அக்கா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்கு என்ன சொல்வது என்பது இரண்டாவது. வரும் தைப்பூசத்துக்கு இருவரும் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை வருவதாக நேர்ந்துகொண்டிருக்கிறார்கள், ஐந்து மாதத்தில் அதற்கு எப்படித் தயாராவது என்பது மூன்றாவது.

நான் மருத்துவன் அல்லன். பள்ளி மைதானங்களில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இப்போது ஏற்றது நடைதான், ஆனால் நீங்கள் இப்போது நடக்கும் நடை அல்ல. அதன் வேகத்தைக் கூட்டி இரண்டு மூன்று மாதங்கள் உடம்பைப் பழக்கிய பிறகு, அந்த நடைக்குள்ளேயே சிறு சிறு துண்டுகளாக ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் அக்காவுக்கு ஓட்டம் தேவையில்லை. அவருக்கு வேண்டிய நடை உங்களுடையதிலிருந்து வேறுபட்டது.

இந்த விவாதத்தில் இரு தரப்பாரும் கவனிக்காத ஒன்று உண்டு. கால் நடக்கிறதா ஓடுகிறதா என்பது இதயத்துக்குத் தெரியாது. தசைகள் எவ்வளவு ஆக்சிஜன் கேட்கின்றன, அதைக் கொண்டுசேர்க்க எவ்வளவு இரத்தத்தை இறைக்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செயலும் அதைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்கிடும் முறைக்கு மெட் என்று பெயர். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஆற அமர நடந்தால் ஏறக்குறைய 3 மெட், 6 கி.மீ. வேகத்தில் நடந்தால் 4.5 வரை வரும், 8 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஓடினாலே 8 மெட்டைத் தாண்டிவிடும். 3 முதல் 6 மெட் வரை மிதமான உழைப்பு, அதற்கு மேல் கடுமையான உழைப்பு என்று பிரிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அல்லது இரண்டும் கலந்து செய்யலாம் என்று சொல்கிறது. நிமிடங்கள் சரிபாதியாகக் குறைவதைக் கவனியுங்கள். ஓட்டத்தின் முதன்மையான லாபம் நேரம்தான். நேரம் உள்ளவர் நடந்தே அந்தக் கணக்கை நிரப்பிவிட முடியும்.

அப்படியானால் ஒரு வருடம் நடந்தும் உங்களுக்கு ஏன் பலன் தெரியவில்லை? ஒரு நாள் நடக்காமல், மைதானத்தின் ஓரமாக நின்று நடப்பவர்களைப் பாருங்கள். நான்கைந்து பேர் ஒரே வரிசையில் வருகிறார்கள். கே.டி.சி. நகரில் சென்ட் என்ன விலை போகிறது என்பதில் பேச்சு தொடங்கி, ஒருவருடைய மகன் விசாவில் வந்து நிற்கிறது. பேச்சு சூடுபிடிக்கும் இடத்தில் கால்களும் நின்றுவிடுகின்றன. கைப்பேசி அழைத்தால் ஒருவர் ஒதுங்குகிறார், மற்றவர்கள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு ஆறு நிமிடமும் அதற்கு மேலும் ஆகும். அது மணிக்கு 4 கி.மீ. வேகம். மனதுக்கு அது நல்லதுதான், வீட்டில் உட்கார்ந்திருப்பதை விடவும் எவ்வளவோ மேல். ஆனால் ஓரளவு பழகிய உடம்புக்கு அந்த வேகம் இதயப் பயிற்சி ஆகாது. 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றை 4 நிமிடம் 48 விநாடியில் முடித்தால் மணிக்கு 5 கி.மீ.; சரியாக 4 நிமிடத்தில் முடித்தால் 6 கி.மீ. உங்கள் முதல் இலக்கு இந்த நான்கு நிமிடச் சுற்று.

தடம் இல்லாத இடத்தில் அடிகளை எண்ணிக்கொள்ளலாம். 15 விநாடியில் 25 அடி வைத்தால் நிமிடத்துக்கு 100. அது மிதமான உழைப்பின் வாசல். 30 அடி என்றால் 120. அங்கேதான் நீங்கள் இருக்க வேண்டும். எண்ணவும் மனமில்லாதவருக்குப் பேச்சே அளவுகோல்: வாக்கியம் வாக்கியமாகப் பேச முடிந்து, பாட மட்டும் முடியாமல் போனால் மிதமான உழைப்பு, நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமையான உழைப்பு. நாடித்துடிப்பைப் பார்ப்பவர் என்றால், 220-இலிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 176 வருகிறது. அதில் 64 முதல் 76 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 113 முதல் 134 துடிப்பு வரை மிதமானது. இந்தக் கழித்தல் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் ஆகும் என்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை விடப் பேச்சுச் சோதனையையே நான் நம்புவேன். மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுவோருக்கு நாடிக் கணக்கு அறவே பொருந்தாது. அந்த மருந்துகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை.

நடக்கும்போது எந்த நேரத்திலும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் இடையில் இரண்டு பாதமும் காற்றில் இருக்கும் ஒரு கணம் உண்டு. பிறகு உடம்பு முழுவதும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. நடையில் தரை திருப்பித் தரும் தாக்கம் உடல் எடையைப் போல் ஒன்றேகால் மடங்கு அளவில் இருக்க, ஓட்டத்தில் அது இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகிறது. உங்கள் 82 கிலோவுக்கு அது ஒவ்வொரு அடியிலும் ஏறத்தாழ இருநூறு கிலோ. மெதுவாக ஓடுபவர் ஒரு கிலோமீட்டருக்கு 1,200 அடி அளவில் வைக்கிறார் என்றால், ஒவ்வொரு காலும் அறுநூறு முறை அந்தச் சுமையை வாங்குகிறது. உடம்பை ஒவ்வொரு முறையும் தூக்கிப் போட வேண்டியிருப்பதால் ஆற்றலும் கூடுதலாகச் செலவாகிறது: எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 1 கலோரி, அதே தூரத்தை நடக்க முக்கால் கலோரி. மணிக்கு 7 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அந்த வேகத்துக்கு மேல் நடப்பதுதான் சிரமம், ஓடுவது எளிது. அதனால்தான் அவசரமாகப் பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் தம்மையறியாமல் ஓடத் தொடங்கிவிடுகிறார்.

இதயத்துக்கு எது நல்லது என்பதற்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி போட்டது 1953-இல் ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெளியிட்ட ஆய்வு. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களை விட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று அவர் காட்டினார். அந்த நடத்துநர்கள் யாரும் ஓடவில்லை என்பது இங்கே முக்கியம். (மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.) நம் கேள்விக்கு நேராகப் பதில் தருவது 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. முப்பத்து மூவாயிரம் ஓட்டக்காரர்களையும் பதினைந்தாயிரம் நடைக்காரர்களையும் ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், செலவிட்ட ஆற்றல் சமமாக இருந்தால், இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, இதய நோய் ஆகியவற்றின் அபாயம் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. அந்தச் சம ஆற்றலை எட்ட நடப்பவர் அதிக தூரமும், ஏறக்குறைய இரு மடங்கு நேரமும் கொடுக்க வேண்டும், அவ்வளவே. 2014-இல் வந்த இன்னொரு ஆய்வு ஐம்பத்தைந்தாயிரம் பேரைப் பார்த்தது. அதில், ஓடுபவர்களிடம் இதய நோயால் நேரும் மரணம் 45 விழுக்காடு குறைவாக இருந்ததுடன், நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் தெரிந்தது. இளைஞர்கள் இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் இவையெல்லாம் மக்களை அவரவர் போக்கில் விட்டுக் கவனித்த ஆய்வுகள். ஓட முன்வருபவர் ஏற்கெனவே ஓரளவு நலமாக இருப்பவர் என்பதை அந்த எண்களில் இருந்து முழுவதுமாகக் கழித்துவிட முடியாது.

மூட்டு தேயும் என்ற பேச்சை இவ்வூரில் என் இளமைக் காலம் முதல் கேட்டு வருகிறேன். அது பெரும்பாலும் தவறு. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சிக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காட்டினருக்கும், உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் மட்டும் 13.3 விழுக்காடு. மூட்டுக் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. சுமை ஏறி இறங்கும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வெளியே வருவதுதான் அதற்கு உணவு. அளவான சுமை அதற்கு மருந்தே. மூட்டுக்கு உண்மையான பகை அதிக எடை: எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். உங்கள் உயரத்துக்கு உடல் எடைக் குறியீடு 29. நம்மவர்களுக்கு 25-க்கு மேல் போனாலே உடல் பருமன் என்றுதான் கொள்ள வேண்டும் என்பது இந்திய மருத்துவர்களின் வரையறை.

ஆனால் அண்ணாச்சிமார் சொல்வதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாணும் எலும்பும் அந்த அளவுக்கு வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் எல்லாக் காயமும் வருகிறது. மூன்றாவது வாரம் மூச்சு வாங்குவது நின்றதும், நம்மால் முடிகிறதே என்று தூரத்தைக் கூட்டுவார்கள். ஆறாவது வாரம் குதிகாலோ, முன்கால் எலும்போ, முழங்கால் சிரட்டையோ வலிக்கத் தொடங்கும். எட்டாவது வாரம் காலணி மூலையில் கிடக்கும். லாரிக்குப் புது என்ஜினைப் பொருத்திவிட்டு, பழைய ஸ்பிரிங் பட்டையின் மேலேயே இரட்டைச் சுமை ஏற்றுவதற்கு ஒப்பானது அது. படி இறங்கும்போது வலிக்கும் உங்கள் முழங்கால், தொடையின் முன்தசை வலுவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கக்கூடும். இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதோடு, நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதும், படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதும், பத்துப் பதினைந்து முறை வீதம் இரண்டு மூன்று சுற்றாக, வாரத்தில் இரண்டு நாள் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனமும் நடையோ ஓட்டமோ எதுவானாலும் இந்தத் தசைப் பயிற்சியை இரண்டு நாளாவது சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நம் மைதானங்களில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை.

இனி சர்க்கரை. 5.7-க்கும் 6.4-க்கும் இடையே இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு உங்களுடைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இந்த நிலையில் இருந்து திரும்பிவர ஓட்டம் கட்டாயம் அல்ல என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2002-இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிடம் விரைவு நடை போன்ற உழைப்பும் ஏழு விழுக்காடு எடைக் குறைப்பும் சேர்ந்து நீரிழிவு வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தன. மெட்பார்மின் மாத்திரையால் குறைந்தது 31 விழுக்காடுதான். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் தினமும் அரை மணி நேர விரைவு நடையுமாக அந்த வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. நம் உடல்வாகுக்கும் நம் சாப்பாட்டுக்கும் நெருக்கமானது என்பதால் நான் இந்த இரண்டாவது ஆய்வையே பெரிதாக மதிக்கிறேன்.

சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே இரத்தத்தில் இருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். அதன் பின் பழைய நிலைதான். எனவே ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வாரம் முழுவதும் உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும், இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இடைவெளி விழாமல் நடப்பது உங்களுக்கு அதிகம் உதவும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடப்பதையும் பழக்கப்படுத்துங்கள். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுக்கும் நம் வழக்கத்துக்கு இதை விட மலிவான பரிகாரம் இல்லை. நிறைந்த வயிற்றோடு நடக்கலாம், ஓட முடியாது என்பதால் இந்த ஓரிடத்தில் நடைக்குப் போட்டியே கிடையாது.

எடையைப் பற்றி உங்களுக்கு ஆறுதலாக எதையும் சொல்ல முடியவில்லை. 82 கிலோ உள்ளவர் முக்கால் மணி நேரம் 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் சுமார் 185 கலோரி, 6 கி.மீ. வேகத்தில் 280, அதே நேரம் 8 கி.மீ. வேகத்தில் ஓடினால் 510. இதில் சும்மா இருந்தாலே செலவாகியிருக்கும் அறுபது கலோரியும் அடக்கம். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் மட்டும் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் பக்கம் அந்தி சாயும் நேரத்தில் வாழையிலைத் துண்டில் வைத்துத் தரும் அல்வா, கையில் வாங்கும்போதே நெய் வழிவது. காலையில் நடந்ததை அது மாலையில் திருப்பிக் கொடுத்துவிடும். ஓட்டத்துக்கு மாறினாலும் சோற்றின் அளவு மாறாவிட்டால் எடை பெரிதாக அசையாது. எடை குறையாவிட்டாலும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் பயிற்சியின் பலன் தனியே வந்து சேரும் என்பதால், தராசைப் பார்த்துப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது நடைமுறை. முதல் இரண்டு மாதம் வாரத்தில் ஐந்து நாள், பேச்சுத் துணை இல்லாமல், சுற்று நான்கு நிமிடம் என்ற வேகத்துக்கு மெல்ல வாருங்கள். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக இருக்கட்டும். முழங்கால் முணுமுணுக்காமல் இருந்தால் மூன்றாம் மாதத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு நிமிட நடைக்குப் பிறகு ஒரு நிமிட மெல்லோட்டம் என்று ஆறு முறை செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டி நடையை அரை நிமிடம் குறைக்கலாம். நடையும் ஓட்டமுமாகக் கலப்பது சோம்பேறிகளின் வழி என்று இளைஞர்கள் சிரிக்கலாம். 1972 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே அதே முறையைத்தான் பிற்காலத்தில் உலகெங்கும் கற்றுக்கொடுத்தார். ஓடிய மறுநாள் காலையில் வலி மிச்சம் இருந்தால் முந்தைய படிக்கு இறங்கிவிடுங்கள். ஓர் ஆண்டு கழித்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தால் நல்லது. முடியாமல் அந்தக் கலவையிலேயே நின்றுவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை.

நம் ஊருக்கென்று சில கவனிப்புகள் உண்டு. ஓடும்போது தசை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது என்பதால், பங்குனி, சித்திரை, வைகாசியில் ஓட்டம் என்றால் விடிந்து அரை மணிக்குள் முடிந்துவிட வேண்டும். நடைக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக இருக்கும்போது, போகும்போது மேற்கு நோக்கிக் காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது அதை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தெருநாய் ஓடுபவரைத்தான் துரத்தும். நாயைக் கண்டால் நின்று நடந்து கடப்பதே பாதுகாப்பு. சாலைத் தாரை விட மைதானத்து மண் நல்லது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். மேடு பள்ளம் இல்லாமலும் வெளிச்சத்தோடும் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. காலணி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருந்தால் போதும். 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஓர் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது. விரைவு நடையில் அதை முடிக்க ஒன்றேகால் மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். வாரத்தில் ஒரு நாள் நீண்ட நடைக்கு அது பொருத்தமான அளவு.

ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது உங்கள் வயதுக்கும் எடைக்கும் சர்க்கரைக்கும் வெறும் சடங்கு அல்ல. குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர் உண்டா என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருப்பதால் மட்டும் உழைக்கும்போதும் இதயம் சரியாக இருக்கும் என்று ஆகிவிடாது. டிரெட்மில் சோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாயுத் தொல்லை என்று சோடா குடித்து வீட்டில் படுப்பது நம் பக்கத்தில் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

அக்காவின் நிலைமை வேறு. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, காலை மடக்கி, முதுகை வளைத்து, இலையும் தூளுமாகக் காலையில் உட்கார்ந்தவர் கட்டு முடியும்வரை எழுவதில்லை. எழுந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அவரிடம் போய் தினமும் முக்கால் மணி நேரம் நட என்றால் நடக்கிற காரியமா? ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் தெருவில் பதினைந்து நிமிடம், மூன்று வேளைக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் என்று பிரித்துக்கொடுங்கள். வயதானவர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே மூச்சில் நடந்த முக்கால் மணி நேரத்துக்குச் சமமான பலனை இப்படிப் பிரித்த நடை தந்ததோடு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அதை விட நன்றாகவும் கட்டுப்படுத்தியது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை போய் வந்தால் மடக்கிய காலுக்கும் நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் நடையால் சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை இருந்தால் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. முந்தானையில் நாலு இனிப்பு மிட்டாய் முடிந்திருக்கட்டும்.

பாதயாத்திரைக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் இருந்து செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். மணிக்கு 4 கி.மீ. வீதம் நடையே பதினைந்து மணி நேரம். இதற்கு ஓட்டப் பயிற்சி உதவாது, நீண்ட நடைதான் உதவும். ஐப்பசியில் இருந்து வாரம் ஒரு நாள் எட்டு கிலோமீட்டரில் தொடங்கி, மழை இடைவெளிகளைப் பார்த்து, மார்கழிக்குள் இருபது, இருபத்தைந்து வரை கொண்டுவாருங்கள். முழுத் தூரத்தையும் முன்கூட்டி நடந்து பார்க்க வேண்டியதில்லை. ஆழ்வார்திருநகரி அருகே ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரிப்பது நல்லது. இரவில் நடப்பதாக இருந்தால் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்புறமாக, ஒளிரும் பட்டை அணிந்து நடக்க வேண்டும். புதுக் காலணி வேண்டாம். பழகிய காலணி, பருத்தி அல்லாத காலுறை, விரலிடுக்கில் கொஞ்சம் வாசலின், பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் கொப்புளமும் தசைப்பிடிப்பும் பாதி குறையும்.

வெறுங்காலோடு வருவதாக நேர்ந்திருந்தால், உங்களுக்குச் சிரமம் மட்டும்தான். அக்காவுக்கு அது ஆபத்து. பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு அவருக்கே தெரியாமல் மங்கியிருக்கலாம். முள் தைத்ததும் தார் சுட்டதும் தெரியாமல் நடந்து, புண்ணோடு வீடு திரும்பி, விரலை இழந்தவர்கள் உண்டு. அவரைச் செருப்பு அல்லது காலணியோடு நடக்கச் சொல்லுங்கள். முருகன் கோபிக்க மாட்டார். வழியெல்லாம் அன்னதானம் கிடைத்தாலும் அவருடைய மாத்திரை நேரத்துக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், இட்லியோ சப்பாத்தியோ கையில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவிலோ, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைப் பார்க்கும் சோதனையைக் கார்த்திகைக்குள் செய்துவிடுங்கள். உணர்வு சரியாக இருந்து, அதற்குள் ஒரே தடவையில் எட்டு கிலோமீட்டர் நடக்கவும் அவர் பழகியிருந்தால் ஆழ்வார்திருநகரியில் சேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் பேருந்தில் குரும்பூர் வந்து, கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மட்டும் உங்களோடு நடக்கட்டும்.